தெல்சே கட்டிய மூலக்கூறு

தெல்சே ப்ரோடெர்சென் எதையும் தானே செய்து பார்த்தால்தான் நம்புவாள். அவள் சைக்கிளின் பின்சக்கரம் அவளே கம்பி கம்பியாகக் கோத்தது. அவள் வீட்டுச் சமையலறை அலமாரி அவளே பலகை அறுத்துச் செய்தது. ஒரு கதவு மட்டும் இன்றுவரை சரியாகச் சாத்த வராது. ஆய்வகத்துக் காப்பி மேஜையில் யாராவது கடையில் வாங்கிய ஜாம் பாட்டிலை வைத்தால், அதை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து லேபிளை வாசித்துவிட்டு, "இதுல பழத்தைத் தவிர எல்லாம் இருக்கு" என்று திருப்பி வைப்பாள்.

என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். நான் சேர்ந்த முதல் நாளே, "என்னை நீங்கன்னு கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அதனால் இங்கேயும் அவளை அவள் என்றும், அவள் வயதே ஆன என் வழிகாட்டி ஹவுகேயை அவன் என்றும் எழுதுகிறேன்.

கீல் நகரில், கடற்கழியைப் பார்த்தபடி நிற்கும் எங்கள் கட்டடத்தில் அவள் மூன்றாம் மாடி. அங்கே வேதியியல். நான் தரைத்தளம். இங்கே பூஞ்சைகள். மேலே கரைப்பான் வாசனை, கீழே ஈர ரொட்டி வாசனை. நடுவில் இருக்கும் இரண்டு மாடிகளில் என்ன நடக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் தெல்சேயும் ஹவுகேயும் செய்ய நினைத்தது ஒரே பொருளைத்தான்.

அந்தப் பொருளின் பெயர் ஃபியோர்டின். முப்பது வருடங்களுக்கு முன் யாரோ இருவர் பழைய படகுத்துறையின் உளுத்த மரக்காலிலிருந்து ஒரு பூஞ்சையைச் சுரண்டி எடுத்தார்கள். அது வளர்ந்த திரவத்தை ஊற்றினால் கோதுமைப் பயிரைத் தின்னும் பூசணம் செத்தது. அந்தத் திரவத்திலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்து, அதன் அமைப்பு இன்னதென்று வரைந்து, கட்டுரை எழுதி, பெயரும் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மூலப் பூஞ்சை மட்டும் எங்கள் சேமிப்பில் தங்கியது. காலப்போக்கில் அது ஃபியோர்டின் செய்வதை நிறுத்திவிட்டது. பூஞ்சைகள் இப்படித்தான். வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்து, சண்டைக்கு ஆளும் இல்லாவிட்டால், ஆயுதம் செய்யும் சிரமம் எதற்கு என்று விட்டுவிடும்.

இனி ஃபியோர்டின் வேண்டுமென்றால் இரண்டு வழிகள் இருந்தன. தெல்சேயின் வழி கட்டுவது. புதினா எண்ணெயில் கிடைக்கும் ஒரு சின்ன மூலக்கூறில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டை ஒட்டி, வேண்டாததை வெட்டி, கழுவி, பிரித்து, மறுபடி ஒட்டி, கடைசியில் வரைபடத்தில் இருக்கும் உருவத்துக்குக் கொண்டுவருவது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வீணாகும். வாளி நிறைய எடுத்துக்கொண்டு கிளம்பினால் முடிவில் கரண்டி நுனியில்தான் மிஞ்சும். ஹவுகேயின் வழி, செய்யத் தெரிந்தவனிடம் வேலையைக் கொடுப்பது. மூலப் பூஞ்சையின் மரபணுக்களில் ஃபியோர்டினுக்கான பகுதியை மட்டும் எடுத்து, ஜப்பானியர்கள் சோயா சாறு செய்யப் பயன்படுத்தும் சாதுவான பூஞ்சை ஒன்றுக்குள் வைத்து, சர்க்கரைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காத்திருப்பது. நான் ஹவுகேயிடம் முனைவர் பட்ட மாணவி. என் வேலையில் பெரும்பகுதி அந்தக் காத்திருப்பு.

மதியம் எல்லோரும் துறைமுகப் பக்கம் போய் ஹெரிங் மீன் வைத்த ரொட்டி வாங்கி, கடற்பறவைகள் பிடுங்கிவிடாதபடி சுவரில் முதுகு சாய்த்துச் சாப்பிடுவோம். தெல்சேயும் ஹவுகேயும் பள்ளியிலிருந்தே ஒன்றாகப் படித்தவர்கள். பேச்சு ஒவ்வொரு நாளும் எங்கள் ஊர் வணக்கமான மொயினில், ஒரே மாதிரிதான் தொடங்கும்.

"மொயின், காளான்காரா. உன் பிள்ளை இன்னைக்கு ஏதாவது செஞ்சுதா?"

"தூங்குது. நீ எத்தனை செங்கல் வெச்ச, கொத்தனாரம்மா?"

"ஒண்ணு வெச்சேன். ரெண்டு விழுந்துது."

"அதான் சொல்றேன். என் பிள்ளைக்குப் பரம்பரை பரம்பரையா அனுபவம். உனக்கு என்ன இருக்கு? ஒரு சூடேத்தற தட்டு."

"அவ்வளவு அனுபவம் இருந்தும் ஒரு நாள் வேலை செஞ்சதில்ல பாரு. எங்க சித்தப்பா மாதிரி."

என் அப்பா கப்பல் கட்டும் தளத்தில் வண்ணம் அடிப்பவர். எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் உருளைக்கிழங்கைத் தோலுரித்தபடியே கேட்பார்: "ரெண்டு பேரும் ஒரே சாமானைத்தானே செய்யறீங்க? எதுக்கு ரெண்டு பட்டறை?" எனக்குள்ளும் அதே கேள்விதான். பூஞ்சை செய்துகொடுக்கும் என்றால் மூன்றாம் மாடியில் ஒரு பெண் ஆறு வருடம் ஏன் குடுவை முன்னால் நிற்க வேண்டும்? ஒரு முறை இதைத் தெல்சேயிடமே கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"காகிதத்துல யார் வேணா படம் போடலாம், மரைக்கே. அந்தப் படத்தைப் பார்த்துக் கட்டி முடிச்சு, அது பூஞ்சை செஞ்சதோட அச்சு அசலா பொருந்தினாத்தான் படம் நிஜம். அதுவரைக்கும் அது ஒரு அபிப்பிராயம்."

வேதியியல்காரர்களின் மதம் அது. எனக்கு அந்த மதத்தின்மேல் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. என் வேலையில் எதை நான் செய்தேன், எதைப் பூஞ்சை செய்தது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

அந்த வருடம் தெல்சேக்கு விளையாட்டாக இருக்கவில்லை. எங்கள் பல்கலைக்கழகங்களில் ஒருவரைத் தற்காலிக வேலையில் இத்தனை வருடம்தான் வைக்கலாம் என்று சட்டம் உண்டு. அதற்குமேல் நிரந்தரமாக்க வேண்டும், இல்லையென்றால் அனுப்ப வேண்டும். அவளுக்கு அந்த எல்லை செப்டம்பரில் முடிந்தது. பணம் கொடுக்கும் அறக்கட்டளையின் குழு ஜூலைத் தொடக்கத்தில் வந்து பார்ப்பதாக இருந்தது. ஃபியோர்டினை இனி எந்த வழியில் செய்வது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். வேதியியல் என்று முடிவானால் ஒரு நிரந்தர வேலை உருவாகும், அது தெல்சேக்குத்தான் என்று பேராசிரியர் லூடெர்ஸ் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். நாற்பத்தொரு வயதில் அவள் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்: இதே ஜன்னல், இதே மேஜை, இன்னும் கொஞ்ச காலம்.

மே மாதத்தில் அவள் முடித்துவிட்டாள். கடைசிக் குடுவையின் அடியில் மாவுபோல் கொஞ்சம் வெள்ளைத் தூள். அதைக் குளோரோஃபார்மில் கரைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி, காந்தக் கருவிக்குள் இறக்கினாள். அந்தக் கருவி ஒரு மூலக்கூறின் உள்ளமைப்பை வரிசையான முகடுகளாக வரைந்து காட்டும். இரண்டு பொருள்களுக்கு ஒரே வரிசை வந்தால் இரண்டும் ஒன்று. பழைய கட்டுரையில் இருந்த முகடுகளோடு அவளுடையவை ஒன்றுவிடாமல் பொருந்தின. அன்று அவள் கீழே இறங்கிவந்து எங்கள் எல்லோரையும் கட்டிப்பிடித்தாள். ஹவுகேயைக் கட்டிப்பிடித்தபோது, "பூஞ்சை நாத்தம்டா உன் மேல" என்றாள். மறுநாள் தட்டு நிறைய கேக் சுட்டுக் கொண்டுவந்தாள். அடிப்பக்கம் கொஞ்சம் கருகியிருந்தது. யாரும் சொல்லவில்லை.

ஜூனில் எங்கள் பூஞ்சையும் விழித்துக்கொண்டது. சர்க்கரையை மாற்றினோமா, காற்றைக் கூட்டினோமா, எது காரணம் என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. திடீரென்று ஏதோ ஒன்றை அள்ளி அள்ளிச் செய்யத் தொடங்கியது. பிரித்தெடுத்து, புதிதாகத் திறந்த பாட்டிலின் குளோரோஃபார்மில் கரைத்து, உடனே அளந்தோம். பொருந்தவில்லை. ஒரு மூலையில் முகடுகள் வேறு இடத்தில் இருந்தன.

தெல்சே ஆறுதல் சொல்ல வந்தாள். "விடு. பரம்பரைத் தொழில்னாலும் சில பேருக்குக் கை வராது."

"மீசை இல்லாத குறைதான் உனக்கு, முறுக்கிக்க" என்றான் ஹவுகே. ஆனால் அவன் முகம் விழுந்துவிட்டது.

அதோடு முடிந்திருக்கும். நான்தான் பழக்கத்தில் இரண்டு சேர்மங்களையும் தட்டில் வைத்துப் பார்த்தேன். கோதுமைப் பூசணத்தைத் தட்டு முழுக்கப் பரப்பி, நடுவில் ஒரு துளி விட்டு, வளர்கிறதா என்று பார்ப்பது எங்கள் தளத்தில் பல் தேய்ப்பது மாதிரி ஒரு வேலை. எங்கள் துளியைச் சுற்றி ஒரு பெரிய வெற்று வட்டம். அதற்குள் எதுவும் வளரவில்லை. தெல்சேயின் துளியின் மேலேயே பூசணம் ஏறிப் படுத்திருந்தது.

அவள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தப்பான சாமான் கொல்லுது. சரியான சாமான் கொல்லல." எங்கள் சேர்மம் கொஞ்சம் கேட்டாள். "நானே ஒரு தடவை அளந்து பார்க்கறேன். உங்க மேல சந்தேகம் இல்ல. ஆனா எனக்குச் சந்தேகம்."

அன்று மாலை அதைக் குளோரோஃபார்மில் கரைத்துக் குழாயில் ஊற்றினாள். காந்தக் கருவியை வேறு யாரோ பிடித்துவைத்திருந்தார்கள். மறுநாள் கீல் வாரம் என்ற பாய்மரப் படகுத் திருவிழா தொடங்கியது. எங்கள் ஊரில் அந்த வாரம் யாருக்கும் வேலை மேல் புத்தி இருக்காது. கடல் முழுக்கப் பாய்மரம், கரை முழுக்க வறுத்த மீன். தெல்சே தன் அக்காவின் படகில் போய்விட்டாள். குழாய் ஜன்னலோரத்தில், தெற்கு வெயிலில், ஒரு கோப்பைக்குள் நின்றபடி இருந்தது. ஜூனில் இங்கே சூரியன் படுக்கப்போவதே பேருக்குத்தான்.

திரும்பிவந்தபோது அவள் மூக்குத் தோல் உரிந்திருந்தது. குழாயைக் கருவியில் போட்டாள். பிறகு இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டு தரைத்தளத்துக்கு வந்தாள். மொயின் சொல்லவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

"மேல இருக்கறது என்னோடது. அடியில இருக்கறது உங்களோடது. பாரு."

முகடுகள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. வித்தியாசமே இல்லை.

"மாத்தி எடுத்துட்டியா?" என்றான் ஹவுகே.

"நானும் அப்படித்தான் வேண்டிக்கிட்டேன். இல்ல. குளோரோஃபார்ம் புளிச்சுப்போச்சு."

குளோரோஃபார்மை வெயிலில் வைத்தால் மெல்ல மெல்ல அதில் அமிலம் ஊறும். பெரும்பாலான சேர்மங்கள் அதைச் சட்டை செய்யாது. பூஞ்சை செய்த சேர்மம் மட்டும் சட்டை செய்தது. அதன் ஒரு மூலையில் இறுக்கி வளைத்த ஒரு சின்ன வளையம் இருந்தது. அமிலம் பட்டதும் அந்த வளையம் அவிழ்ந்து, வேறு விதமாக மடங்கிக்கொண்டது. அப்படி மடங்கியதுதான் தெல்சே கட்டியது.

"அப்போ அந்த ரெண்டு பேரும்..." என்றேன் நான்.

"புளிச்ச குளோரோஃபார்ம்ல அளந்திருக்காங்க. கொல்லுதான்னு பார்த்தது நல்ல திரவத்தை வெச்சு. படம் போட்டது குழாய்ல கெட்டுப்போனதை வெச்சு." அவள் தாள்களைக் கீழே இறக்கினாள். "கெட்டுப்போனதைத்தான் நான் ஆறு வருஷமா கட்டியிருக்கேன். ஒரு பிசிறு இல்லாம."

ஹவுகே எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினான்.

"அடுத்த வாரம் குழு வருது."

"தெரியும்."

"நான் எதையும் பார்க்கல. மரைக்கேயும் பார்க்கல. என் பூஞ்சை தப்பு பண்ணுச்சுன்னே இருக்கட்டும். உனக்கு வேலையை எழுதிக் குடுக்கட்டும். குளிர்காலத்துல திடீர்னு கண்டுபிடிச்ச மாதிரி கண்டுபிடிப்போம்."

"உன் வழியை மூடிடுவாங்களே."

"எனக்கு நிரந்தர வேலை இருக்கு. நான் வேற ஏதாவது பூஞ்சைக்குப் பால் குடுப்பேன்."

தெல்சேக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அவ்வளவு நேரம் வரவில்லை. "பன்னெண்டு வயசுலேர்ந்து என்கிட்ட தோத்துக்கிட்டே இருக்கே. சதுரங்கத்துல, நீச்சல்ல, பரீட்சையில. வாழ்க்கையில முதல் தடவையா ஜெயிச்சிருக்கே. அதையும் பொட்டலம் கட்டி என் கையில திணிக்கறியா? நான் கேட்டேனா?"

"நீ கேக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் குடுக்கறேன், கழுதை."

"நீ கழுதை."

அவள் போய்விட்டாள். ஹவுகே கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தான்.

பேராசிரியரிடம் அவள் அன்றே சொன்னாள். அளவுகளைக் கொண்டுவரச் சொன்னதால் நானும் அங்கே இருந்தேன். லூடெர்ஸ் கெட்டவர் இல்லை. தாள்களை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரே ஒரு குழாய். ஒரே ஒரு தடவை. இதை வெச்சு எந்த முடிவுக்கும் வர முடியாதுன்னு நான் நாணயமாவே சொல்லலாம். குழு போனதும் நிதானமா திரும்பச் செய்வோம். எனக்காகச் சொல்லல, தெல்சே. உங்களுக்காகச் சொல்றேன்."

"ஒரே ஒரு தடவைங்கறது சரிதான்" என்றாள் அவள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அவள் பேசாமல் இருந்துவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். யாருக்கு நஷ்டம்? பூசணத்துக்குத் தெரியுமா, கோதுமைக்குத் தெரியுமா? குளிர்காலத்தில் எல்லாம் சரியாகிவிடும். இதைத்தான் நாங்கள் படித்தோமா என்று ஒரு குரல் கேட்டது. ஒரு வேலை என்றால் என்னவென்று தெரிந்த வீட்டிலிருந்து வந்தவள் நீ என்று இன்னொரு குரல் பதில் சொன்னது. இரண்டுமே என்னுடைய குரல்கள்தான்.

அவள் பேராசிரியர் சொன்னதை அவர் நினைத்தபடி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு தடவை என்பதுதான் அவளுக்கு உறுத்தியது. அந்த வார இறுதி முழுக்க மூன்றாம் மாடியில் இருந்தாள். எங்கள் சேர்மத்தைப் பல குழாய்களில் எடுத்தாள். ஒன்றில் அமிலத்தை நீக்கிய குளோரோஃபார்ம். அது மாறவே இல்லை. ஒன்றில் வேண்டுமென்றே ஒரு சொட்டு அமிலம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறியது. ஒன்று இருட்டில், ஒன்று வெயிலில். தனக்கு எதிரான வழக்கைத் தானே இவ்வளவு ஒழுங்காக நடத்திய ஒருவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நடுவில் நான் காப்பி கொண்டுபோனபோது, "நல்லா வருது" என்றாள். சோதனையைத்தான் சொன்னாள்.

குழுவில் மூன்று பேர். தலைவி குட்டையாக நரைமுடி வெட்டிய ஒரு பெண்மணி. பேசுவதைவிடக் கவனிப்பது அதிகம். தெல்சே முதலில் தன் படிகளை எல்லாம் காட்டினாள். எது எப்படி ஒட்டியது, எந்தப் படியில் எத்தனை முறை விழுந்தாள். அதில் ஒரு படியைப் பார்த்துக் குழுவில் ஒருவர் தலையை ஆட்டி ரசித்தார். பிறகு என்னுடைய இரண்டு தட்டுகளையும் மேஜை மேல் வைத்தாள்.

"இது நான் கட்டினது. பூசணம் மேல ஏறித் தூங்குது. இது தரைத்தளத்துப் பூஞ்சை செஞ்சது. எது ஃபியோர்டின்னு பூசணத்துக்குத் தெரிஞ்சிருக்கு. எங்களுக்குத்தான் முப்பது வருஷம் ஆச்சு." அதன்பின் குழாய்களின் அளவுகளைக் காட்டினாள். லூடெர்ஸ் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹவுகே ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

தலைவி கேட்டார்: "அப்படின்னா இந்த ஆறு வருஷத்துல நீங்க செஞ்சது என்ன?"

"எந்தப் பூஞ்சையும் செய்யாத ஒண்ணு. ரொம்பச் சுத்தமா."

ஒருவர் சிரித்தார். தலைவி சிரிக்கவில்லை. "நீங்க இதைக் கட்டாம இருந்திருந்தா?"

தெல்சே யோசித்தாள். தனக்குச் சாதகமான கேள்வி அது என்பதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. "படம் சரின்னு நம்பிக்கிட்டே இருந்திருப்போம். இவங்க பூஞ்சை சரியா செஞ்சும், தப்புன்னு கீழே ஊத்தியிருப்போம்." பிறகு, கேட்காமலே ஒன்றைச் சேர்த்தாள். "ஆனா அந்தப் பூஞ்சைக்காரங்களும் துள்ள வேண்டாம். இது ஒரு சொட்டுப் புளிப்பு தாங்காது. வயல் மண்ணுல புளிப்பு இருக்கு. தெளிச்சா ரெண்டு நாள் நிக்காது. அந்த வளையத்தை யாராவது கொஞ்சம் மாத்திக் கட்டணும். பூஞ்சைக்கு அது தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு சமையல்."

"யாராவதுன்னா?"

"வேதியியல் தெரிஞ்ச யாராவது" என்றாள், தெருவில் வழி சொல்வதுபோல.

முடிவு ஆகஸ்டில் வந்தது. இனி ஃபியோர்டினைப் பூஞ்சையே செய்யும். நிரந்தர வேலை உருவாகவில்லை. திட்டம் நடக்கும் வரை அறக்கட்டளைப் பணத்தில் ஒரு வேதியியலாளர் தரைத்தளத்தில் இருக்கலாம் என்று எழுதியிருந்தது. வெளிப்பணத்தில் வரும் வேலைக்கு அந்த வருட எல்லை கிடையாது. அது சில வருடங்கள்தான். அதற்குப் பிறகு என்ன என்று அதில் ஒன்றும் இல்லை. அவள் நியாயமாக நடத்தப்பட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த நகரத்தில் அவளைப்போல் எத்தனை பேர் இரண்டிரண்டு வருடத் தற்காலிக வேலைகளில் வாழ்கிறார்கள் என்று நினைத்தால், நான் எதற்காகப் படிக்கிறேன் என்றும் சில நாள் தெரியவில்லை. அவளிடம் கேட்டால், "முதல்ல இந்தக் குடுவையைப் பிடி" என்பாள்.

செப்டம்பரில் அவள் தன் சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்துக் கீழே இறக்கினாள். ஹவுகே அவளுக்காகப் பாதி மேஜையைக் காலிசெய்து துடைத்து வைத்திருந்தான். அவள் அதை மறுபடியும் துடைத்தாள்.

"எனக்கு உன் சரக்கு வேணும். வளையத்தை மாத்த ஆரம்பிக்கலாம்."

"எவ்வளவு?"

"எவ்வளவு இருக்கு?"

அவன் குளிரறைக்குப் போய் ஒரு பெரிய கண்ணாடிக் குவளையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். பழுப்பும் மஞ்சளுமாக, தேன் உறைந்த மாதிரி, பாதிக்குமேல் நிறைந்திருந்தது. ஆறு வருடமும் கரண்டி நுனிக்குமேல் எதையும் பார்க்காதவள் அவள். பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். குவளையைக் கையால் தொடாமல், சுற்றிலும் குனிந்து பார்த்தாள்.

"ஒரு வாரத்துல செஞ்சுதா இதை?"

"நாலு நாள்" என்றான் ஹவுகே, மன்னிப்புக் கேட்பதுபோல.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு கையுறையை மாட்டி, குவளையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ரொம்ப அழுக்கா இருக்குடா. முதல்ல இதைக் கழுவணும்" என்றாள்.